மழையில் நிற்கும் ஒருவரை வரைக

மழையில் நிற்கும் ஒருவரை வரையத் தெரியாததால் லிமாவில் எத்தனை பேருக்கு வேலை கைநழுவிப் போயிருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். எங்கள் தெருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பொர்த்துனாத்தோ வரைந்த ஆளுக்குக் காலடியில் தரை இல்லை. எங்கேயும் நிலைத்து நிற்க மாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஒரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன். மூலைவீட்டு எலேஸ்பான் அழகுக்கு ஒரு மின்னல் போட்டான். சண்டைக்காரன் என்றார்கள். அவன் மைத்துனன் வரைந்த ஆளோ குளிருக்காகக் கைகளைச் சட்டைப்பையில் விட்டிருந்தான். கை தெரியாத ஆள் வேலை செய்யமாட்டானாம். அவனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

இத்தனைக்கும் இந்த ஊரில் மழையே கிடையாது. நான் பிறந்ததிலிருந்து நாற்பத்தேழு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். ஜூன் மாதம் வானத்திலிருந்து ஏதோ ஈரமாக இறங்கும், துணி காயாது, அவ்வளவுதான். எங்கள் மலைச்சரிவில் பாதி வீடுகளுக்குக் கூரை என்று இருப்பது பாயும் அட்டையும். குடை ஒரு வீட்டிலும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், லாரி ஓட்ட வருகிறவனிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து மழையில் ஓர் ஆளை வரை என்கிறார்கள். படத்தைப் பார்த்தே ஆளின் மனசைப் படித்துவிடுவார்களாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் மொட்டையடித்து அனுப்புவேன். முடிவெட்டுவதுதானே என் தொழில்.

என் புருஷன் தெயோதுலோ இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினார். போன அக்டோபரில் அவர் ஓட்டிய தடத்தின் உரிமம் ரத்தானது. பஸ் போனது, முதலாளியும் போனார். அன்றிலிருந்து எட்டு மாதமாக அடுத்த தெருக்காரரின் ஆட்டோவை அரைநாள் ஓட்டுகிறார். மீதி அரைநாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்க்கிறார். எப்போதுமே ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். பஸ் போனபிறகு அதுவும் குறைந்து மூன்றாகிவிட்டது. அதில் ஒன்று "சரி".

வீடு ஓடியது என் கத்தரிக்கோலில். முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலைமுடி காயவைக்கிற ஒரு மிஷின், அதுதான் என் கடை. இதில் என் வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு தலை வெட்டினால் ஏழாவது தலைக்குக் கை மரத்துப்போகும். சின்ன அறுவைச் சிகிச்சைதான் என்று சுகாதார நிலையத்து டாக்டர் சொன்னார். கம்பெனிக் காப்பீடு இருக்கிற குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுது வேலை. இல்லாதவர்களுக்கு வரிசை. அந்த வரிசையின் முன்முனையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தெயோதுலோவிடம் இதைச் சொல்லவே இல்லை. வேலையில்லாத மனுஷனைப் போட்டு அரிப்பானேன்? கை மரத்தால் மேஜைக்கு அடியில் உதறிக்கொள்வேன்.

ஜூன் ஐந்தாம் தேதி பொர்த்துனாத்தோதான் சேதி கொண்டுவந்தான். ஒரு பால் கம்பெனிக்கு நான்கு டிரைவர்கள் வேண்டும். நிரந்தர வேலை, காப்பீடு, ஜூலையிலும் டிசம்பரிலும் ஒரு மாதச் சம்பளம் கூடுதல். பதினான்காம் தேதி நேர்காணல். வயது இருபத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது வரை. தெயோதுலோவுக்கு இருபதாம் தேதி ஐம்பது முடிகிறது. ஐம்பது ஆன டிரைவரை இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் வாசல்படி ஏற விடாது. அதாவது, இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லையென்றால் ஆட்டோவும் மொட்டைமாடியும்தான், என் கைக்கு அந்த வரிசைதான்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மனுஷன் தூக்கத்திலும் கியர் மாற்றுவார். என் கவலையெல்லாம் அந்தப் படம். அன்று மாலையே மேஜையைத் துடைத்து, தாளும் பென்சிலும் வைத்து உட்காரவைத்தேன்.

"மழையில நிக்கிற ஒரு ஆளை வரை."

பத்து நிமிஷம் தலைகுனிந்து வரைந்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். ஒரு வீடு. வைக்கோல் கூரை, மூடிய கதவு, கூரை வழியாகப் புகை, சுற்றிலும் கோடு கோடாக மழை. சுவரோரம் ஒரு நாய்.

"ஆள் எங்கய்யா?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"மழை பெய்யுதுல்ல."

நான் கண்ணை மூடித் திறந்தேன். "உள்ள என்ன பண்றான்?"

"உருளைக்கிழங்கு வேகுது."

"அப்ப நாய் மட்டும் எதுக்கு வெளிய?"

"அது இறவாரத்துக்குக் கீழ நிக்குது. அதுகூட நனையல பாரு."

தெயோதுலோ மலைநாட்டு ஊரான அந்தவைலாஸுக்கும் மேலே, ஆடும் மூச்சு வாங்குகிற உயரத்தில் பிறந்தவர். அங்கே பெய்வது மழை. கல்லும் மண்ணும் சேர்ந்து இறங்கும், கூடவே இடியும். அந்த மழையில் வெளியே நிற்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள், இல்லையென்றால் அடக்கம் செய்வார்கள். இதையெல்லாம் அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர் அண்ணன் ஒருவர் பேசுகிற ஜாதி, அவர் சொன்னது.

"யோவ், உங்க ஊரு கதையெல்லாம் அவங்களுக்கு வேண்டாம். ஆள் வெளிய நிக்கணும். நனையணும். சந்தோஷமா இருக்கணும்."

"நனைஞ்சுட்டு எதுக்கு சந்தோஷம்?"

பென்சிலைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். அவரை இழுத்துக்கொண்டு தோன்யா தெல்மீராவிடம் போனேன்.

சந்தைக்கு எதிரே தோன்யா தெல்மீராவின் நகல் கடை இருக்கிறது. வயசுக்கு மரியாதையாகப் பெண்களைத் தோன்யா என்றும் ஆண்களைத் தோன் என்றும் சொல்வது எங்கள் வழக்கம். அவர் மருமகன் இரண்டு செமஸ்டர் மனநலப் படிப்புப் படித்துவிட்டு, இப்போது கோழிக்கடை வைத்திருக்கிறான். அந்த இரண்டு செமஸ்டரை வைத்துத்தான் மாமியார் பத்து வருஷமாகப் பிழைக்கிறார். மழையில் ஆள் வரைவதற்கு மாதிரித்தாள் விற்பார், தாள் ஒன்றுக்கு இரண்டு சோல் காசு. அதை வாங்காமல் எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வேலைக்குப் போனதில்லை. வாங்கியும் போகாதவர்கள் உண்டு. அது அவர்கள் கை வாகு என்பார்.

"உக்காருங்க தம்பி," என்றார் என் புருஷனிடம். "ஆள் நடுவுல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மேல போனா கனவு காண்றவன், கீழ போனா சோம்பேறி. குடை கட்டாயம். குடை இல்லன்னா கஷ்டம் வந்தா ஓடிருவான்னு அர்த்தம். காலுக்குக் கீழ தரை. வலது பக்கம் ஒரு மரம். மேகம் ரெண்டே ரெண்டு. டை கட்டியிருக்கணும்."

"பால் வண்டி ஓட்டவா டை?" என்றார் தெயோதுலோ. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா பேசறாரே," என்றார் தோன்யா தெல்மீரா என்னிடம். "கையில விரல் அஞ்சு அஞ்சு. எண்ணிப் பாப்பாங்க. முக்கியமா, ஆம்பள ஆம்பளயத்தான் வரையணும், பொம்பள பொம்பளயத்தான். மாத்தி வரைஞ்சா முடிஞ்சுது. என் மருமகன் சொல்லுவான், அதுதான் பெரிய கோளாறாம்."

"அப்புறம் இது யாருன்னு கேப்பாங்களாமே?"

"கேப்பாங்க. இது நான்தான், வேலைக்குப் போயிட்டிருக்கேன், இப்ப மழை பெய்யுது, சீக்கிரம் வெயில் வரும். இவ்வளவுதான் சொல்லணும். ஒரு வார்த்தை கூட வேண்டாம், ஒரு வார்த்தை குறைய வேண்டாம்."

ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு இல்லை. குறைவதுதான் பயம்.

மாதிரித்தாளைச் சுவரில் ஒட்டினேன். ஆள் ஒருவிதமாக வந்தான். விரல்கள்தான் முள்ளங்கிக் கட்டு. ஆனால் குடை வரவே இல்லை. காளான் வந்தது, தொப்பி வந்தது, ஒருதரம் கோழி மாதிரிகூட ஒன்று வந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் ஜென்மத்தில் குடையைக் கையில் தொட்டதில்லை. அவர் ஊரில் காற்று விடாது, என் ஊரில் வானம் விடாது.

தெருமுனையில் தோன் உபால்தோ மூலிகைக் கஷாய வண்டி வைத்திருக்கிறார். வண்டிக்கு மேல் ஒரு பெரிய குடை உண்டு, சோப்பு விளம்பரம் போட்டது. பகலில் அவர் தூங்குகிற நேரத்துக்கு அதைக் கேட்டு வாங்கிவந்தேன். ஆறடிக் கம்பு. வீட்டுக்குள் விரிக்க முடியாது. தெருவில் என் கடை வாசலில் நின்று பிடித்தேன். எதிரே முக்காலியில் தெயோதுலோ, மடியில் பலகை, அதன் மேல் தாள்.

எப்படி நின்றேன் தெரியுமா? ஏப்ரன் கட்டியபடி, அதில் பத்து வருஷத்துச் சாயக் கறை. முடி சுருளுவதற்காகக் காலையில் சுற்றிய கர்லர்கள் தலையில். ஜூன் மாதத்து உச்சிப்பொழுது, ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, தலைக்கு மேல் சோப்புக் குடை. ஆட்டோக்காரர்கள் வேகம் குறைத்துப் பார்த்துப் போனார்கள்.

"என்ன நெலிதா, வெள்ளம் வருதா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"உன் வீட்டுப் பக்கமாத்தான் வருது. போய் பாயை எடு."

தோன் உபால்தோ தூக்கம் கெட்டு வந்து நின்றார். "கொஞ்சம் சிரி நெலிதா. மழையில சந்தோஷமா இருக்கணுமாமே."

"உங்க குடை என்னா கனம் கனக்குது. இதைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சிரிச்சுக் காட்டுங்க."

உண்மையில் எனக்குச் சிரிப்பு வரும் நிலை இல்லை. ஐந்தாவது நிமிஷமே வலது கை மரத்துவிட்டது. கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலதைத் தொங்கப்போட்டேன். தெயோதுலோ நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து வரைந்தார். தாளைக் காட்டியபோது குடை நன்றாகவே வந்திருந்தது. கூடவே சோப்புப் பெயரும் விலையும் போட்டிருந்தார்.

"இதை எதுக்குய்யா எழுதின?"

"இருந்துச்சே."

அந்த நேரத்தில் உள்ளே இருந்து ஓர் அலறல். கடவுளே, தோன்யா பிரிமித்திவாவை மறந்தே போனேன். தலையில் சாயம் பூசி இருபது நிமிஷம் ஊறட்டும் என்று உட்காரவைத்திருந்தேன். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. செஸ்ட்நட் என்கிற அடர்பழுப்பு நிறம் கேட்டிருந்தார். கண்ணாடியில் காரட் நிறத்தில் ஒரு தலை. சர்ச் கூட்டத்துக்குப் போக வேண்டியவர்.

"என் புருஷன் ஆவியா வந்தாகூட என்னை அடையாளம் தெரியாதேடி," என்று அழுதார்.

இலவசமாகத் திரும்பச் சாயம் போட்டு, இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று சத்தியம் செய்து அனுப்பினேன். மறுநாளும் குடையைப் பிடித்தேன். அதற்கடுத்த நாளும். மொத்தம் ஏழு நாள். வேறு என்ன செய்ய?

இரவுச் சாப்பாட்டு மேஜையில் கேள்வி பதில். அதற்கும் தோன்யா தெல்மீரா ஒரு தாள் வைத்திருந்தார். நான் கரண்டியை மேஜையில் தட்டிக் கம்பெனிக்காரியாக மாறுவேன்.

"உங்க பெரிய குறை என்ன?"

யோசித்தார். சூப் ஆறியது. நான் இன்னொரு ரொட்டி எடுத்துத் தின்று முடித்தேன்.

"இவ்வளவு யோசிச்சா நூறு குறை இருக்குன்னு நினைப்பாங்க. 'எந்த வேலையையும் கச்சிதமா முடிக்காம விடமாட்டேன், அதான் என் குறை'ன்னு சொல்லு."

"அது குறை இல்லையே."

"அதனாலதான்யா சொல்லணும்."

அவர் என்னையே பார்த்தார். இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் நடப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருக்கிறது.

"சரி, அடுத்தது. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

"அம்பத்தி நாலுல."

"வயசைப் பேசாத. செத்தாலும் வயசைப் பேசாத. 'இதே கம்பெனியில, இன்னும் பெரிய பொறுப்புல'ன்னு சொல்லணும்."

"பெரிய லாரியா?"

"ஆமா சாமி, பெரிய லாரி. சாப்பிடு."

ஒவ்வொரு நாளும் இப்படித்தான். நான் கத்துவேன், அவர் 'சரி' என்பார், நான் இன்னும் கத்துவேன். கிடைக்காவிட்டால் என்ன என்ற பேச்சை மட்டும் நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் நான் உடைந்துபோவேன் என்று எனக்குத் தெரியும். குளிக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு தடவை அழுதேன். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் அழுகைக்கும் முறை வைக்க வேண்டியிருந்தது.

பதிமூன்றாம் தேதி அவர் வரைந்த படத்தைச் சுவரில் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டை, மரம், இரண்டு மேகம், தரை, பத்து விரல், புன்சிரிப்பு. தோன்யா தெல்மீராவே வரைந்த மாதிரி இருந்தது. அன்று எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது.

பதினான்காம் தேதி, புதன்கிழமை, நானே கூடப் போனேன். பொர்த்துனாத்தோவின் சட்டை, என் கை வெட்டிய தலை. இரண்டு பஸ் மாறி வாசல் போனால் ஏற்கெனவே இருபது பேர் நிற்கிறார்கள். பாதிப் பேருடன் மனைவிமார். ஒருத்தி தன் புருஷனின் காதில், "வலது பக்கம் மரம், வலது பக்கம்," என்று ஓதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள், நான் எட்டிப் பார்த்தேன். தோன்யா தெல்மீராவின் மாதிரித்தாள். கீழே அதே எண்ணெய்க் கறையின் நகல்கூட இருந்தது. இவள் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்தவள்.

"இது எங்க வாங்கினீங்க?"

"எங்க ஏரியாவுல ஒரு அம்மா விக்கிறாங்க. அவங்க சம்பந்தி எங்கயோ நகல் கடை வச்சிருக்காங்களாம்."

தெயோதுலோ அதையெல்லாம் கவனிக்கவில்லை. கதவு திறந்தது, உள்ளே போனார். காவலாளி மனைவிமாரையெல்லாம் எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொன்னான். மூன்று மணி நேரம் நின்றோம். எல்லோரும் அவரவர் புருஷனைத் திட்டியே நேரத்தை ஓட்டினோம். அதில் ஒரு ஒற்றுமை இருந்தது.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதுதான் தெரிந்தது?

"எப்படிய்யா போச்சு?"

"போச்சு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிடித்தேன். "குடை போட்டியா?"

"போட்டேன்."

"தரை?"

"இருக்கு."

"விரல் அஞ்சு அஞ்சு?"

"எண்ணிப் போட்டேன்."

"குறை என்னன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வண்டி நல்ல வண்டி நெலிதா. பின்பக்கம் பாக்க கேமரா வச்சிருக்கான்," என்றார். கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அவர் எனக்குக் கேட்காமலே சொன்ன நீளமான சேதிகளில் அது ஒன்று. வீடு வரும்வரை நான் கேட்பதை விடவில்லை, அவரும் பிடிகொடுக்கவில்லை.

வியாழன் போனது. வெள்ளி போனது. கம்பெனியில் என் போன் எண்ணைத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தேன், அவர் போன் எடுக்கவே மாட்டார். சனி ஞாயிறு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும் போனை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தேன். பொர்த்துனாத்தோவும் போயிருந்தான், அவனுக்கும் சேதி இல்லை. செவ்வாய்க்கிழமை பிறந்தநாள். பொர்த்துனாத்தோ மனைவி கேக் சொல்லவா என்று கேட்டாள். கேக்கில் எத்தனை என்று எழுதுவது என நினைத்ததும் எனக்கு வாய் கசந்தது. வேண்டாம் என்றேன்.

திங்கள் காலை பத்தரை. அடுப்பில் பருப்பு, எங்கள் ஊரில் திங்கட்கிழமை என்றால் பருப்புதான். நாற்காலியில் தோன்யா பிரிமித்திவா, இலவசச் சாயத்துக்கு. போன் அடித்தது. பால் கம்பெனி மனநல நிபுணர் ஓத்தினியானோ என்று ஒரு பெண் குரல், சின்ன வயசுக் குரல்.

"தெயோதுலோ வீடுங்களா? நீங்க யாரு பேசறீங்க?"

"அவர் மனைவிங்க."

"ஓ, குடை பிடிச்சவங்க நீங்கதானா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. அன்னைக்கு வந்தது இருபத்தேழு பேர். இருபத்தாறு தாள்ல ஒரே ஆள், ஒரே டை, ஒரே மரம், ரெண்டு ரெண்டு மேகம். யாருன்னு கேட்டா எல்லாரும் 'நான்தான், சீக்கிரம் வெயில் வரும்'னு ஒரே குரல்ல சொன்னாங்க. அதையெல்லாம் ஒதுக்கிட்டேன். இந்த வாரம் அவங்களைத் திரும்பக் கூப்பிட்டு வேற பரிட்சை வைக்கிறோம். உங்க வீட்டுக்காரர் படம் மட்டும்தான் மிச்சம்."

"அவரும் டைதானேம்மா போட்டார்? நான் என் கண்ணால பாத்தேனே."

"டை இல்லம்மா. ஏப்ரன். கறையோட. தலையில கர்லர். மேல சோப்பு விளம்பரம்."

குனிந்து என் ஏப்ரனைப் பார்த்தேன்.

"விதிப்படி பாத்தா அந்தப் படத்துக்கு நான் மார்க்கே போடக் கூடாது," என்றாள். "ஆம்பள பொம்பளய வரையறது, எழுத்து எழுதறது, எல்லாம் தப்பு. ஒரு கையில கம்பு, இன்னொரு கை சும்மா தொங்குது. இது ஏன் இப்படின்னு கேட்டேன். அந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு போடுதுன்னார். அது மரத்துப்போகுதுன்னும், நீங்க மேஜைக்கு அடியில உதறிக்கிறீங்கன்னும், அவருக்குத் தெரியாதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டிருக்கீங்கன்னும் சொன்னார். சரி, உங்க குறை என்னன்னு கேட்டேன். அதைப் பாத்துக்கிட்டே எட்டு மாசம் பேசாம இருந்ததுதான்னார். இருபது நிமிஷம் பேசினார்மா. அவரு அதிகம் பேசற ஆளோ?"

"இல்லைங்க," என்றேன்.

"வண்டி ஓட்டினதுல எல்லாரையும்விட அவர்தான் முதல். இன்னைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நாளைக்கு அவருக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும், அதனால அஞ்சு மணிக்குள்ள வந்துரணும். உங்க அடையாள அட்டையும் கொடுத்தனுப்புங்க, காப்பீட்டுல உங்களைச் சேக்கணும்."

போனை வைத்தேன். தோன்யா பிரிமித்திவாவின் தலையில் பாதி சாயத்தோடு அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். "இந்தத் தடவை என்ன நிறம்டி?" என்று அவர் பின்னாலிருந்து கத்தியது கேட்டது.

தெயோதுலோ இரண்டு வீடு தள்ளி ஆட்டோவைச் சாய்த்துப் போட்டு அடியில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலை உதைத்தேன்.

"யோவ், வெளிய வா. ஏப்ரனோடயா என்னை வரைஞ்ச?"

ஒரு ஸ்பானர் உருண்டு வெளியே வந்தது.

"கர்லரோடயா?"

"மூணுதான் போட்டேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நேரம் பத்தல."

"பொம்பளய வரையக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஏழு நாள் மரம் மாதிரி நின்னேனே, எதுக்கு நின்னேன்? ஒரே ஒரு டையை வரைய உனக்கு என்னய்யா கேடு?"

அவர் வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தார். கையெல்லாம் கிரீஸ். என் முகத்தைப் பார்த்து, கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று படிக்கப் பார்த்தார். பாவம், அவருக்கு அது பிடிபடவில்லை. நான்தான் அழுதுகொண்டு திட்டிக்கொண்டிருந்தேனே.

"அவங்க கொடுத்த தாள்ல மழையில நிக்கிற ஒருத்தரை வரைன்னு போட்டிருந்துச்சு நெலிதா," என்றார். "எட்டு மாசமா வேற யாரு நின்னா?"

பேசத் தெரியாத மனுஷன் என்று இருபத்துநாலு வருஷமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தோன் உபால்தோ பார்க்கிறார், எதிர்வீட்டுக்காரி பார்க்கிறாள், பாதி சாயத் தலையோடு தோன்யா பிரிமித்திவா வாசலில் நின்று பார்க்கிறார். நான் நடுத்தெருவில் நின்று மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்றிருந்தது. கையைக் கழுவிக்கிட்டுச் சட்டையை மாத்து, அஞ்சு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும் என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"சரி," என்றார்.